அடுக்களைச் சன்னல் மூடக்கூடாது

ஆகஸ்ட் 1, வெள்ளி
3618 / 3577

வந்தவர்கள் பதினாலு. டீ முப்பத்தொரு டம்ளர். சுண்டல் ஒன்றரைப் படி, மிச்சம் இல்லை. லாசர் மட்டும் நாலு டம்ளர் குடித்தான். தச்சு வேலைக்காரன், கூட்டத்துக்கு வரத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. "இதையும் எண்ணுதியளாக்கா?" என்றான். எண்ணத்தான் செய்கிறேன், எண்ணாமல் விட்டதால்தான் நீயெல்லாம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்றேன். சிரித்துக்கொண்டே ஐந்தாவதுக்கு நீட்டினான். ஊற்றவில்லை.

இது புது நோட்டு. தேதிக்குக் கீழே எழுதும் இரண்டு எண்ணில் முதலாவது சபைக்கு, இரண்டாவது எனக்கு. அதற்கு மேல் விளக்கம் எழுதுவதாக இல்லை.

இன்று சாட்சி சொன்னது எங்கள் வீட்டுக்காரர், தபால்காரர் அருமைராஜ். குடியை விட்டுப் பத்து வருஷம் ஆகப்போகும் மூத்தவர் என்று, புது ஆட்கள் வரும்போதெல்லாம் வேதமுத்து அண்ணாச்சி இவரைத்தான் பேசச் சொல்வார். எத்தனை தரம் சொல்லிக்கொடுத்தாலும் இவர் வரிசையைத் தப்பாகச் சொல்கிறார். விடிந்ததும் முதலில் வருவது கை நடுக்கம். வாந்தி அதற்குப் பிறகு. இவர் வாந்தியை முதலில் சொல்லிவிட்டு, நடுக்கத்தை ஏதோ குளிர்காய்ச்சல் மாதிரி சொல்கிறார். புதிதாக வந்த ஒருவர், அண்ணாச்சிக்கு எது பழக்கம், பிராந்தியா ரம்மா என்று கேட்டதற்கு, "செவப்பா இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

குடியை விட்டவர்களின் இந்த விடுதலைக் கூட்டம் நடப்பது எங்கள் ஆலயத்துக்குப் பின்னால், பிள்ளைகள் இல்லாமல் அடைத்துப் போட்ட பழைய தொடக்கப்பள்ளியில். ஒரு வகுப்பறை, அதை ஒட்டி ஒரு அடுக்களை, நடுவே ஒரு சன்னல். சாவி என்னிடம். அந்தச் சன்னலை மட்டும் மூடக்கூடாது என்பது வேதமுத்து அண்ணாச்சி போட்ட சட்டம். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து, குடித்து வேலையை விட்டு, பிறகு குடியையும் விட்டுப் பதினேழு வருஷம் ஆனவர். சன்னல் எதற்கு என்றால் புகை போகட்டும் என்பார். காஸ் அடுப்பில் என்ன புகை. நானும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
3620 / 3579

திருவிருந்து ஞாயிறு. எல்லோரும் பீடத்துக்கு முன் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் நாள். மூட்டு வலி என்று பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். பத்து வருஷமாக முழங்கால் போட முடியாதவள் நான். பக்கத்தில் இருந்தவர்கள் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே எழுந்து போனார்கள். வெள்ளிக்கிழமை கூடத்தைத் தேய்த்துக் கழுவும்போது என் இரண்டு முழங்காலும் தரையில்தான் இருந்தன என்பது கர்த்தருக்குத் தெரியும். அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி
3625 / 3584

வந்தவர்கள் பதினைந்து. டீ முப்பத்து மூன்று.

சபைச் செயலாளர் தியோடர் அண்ணாச்சி கூட்டத்துக்கே நேரில் வந்தார். செப்டம்பர் ஏழாம் தேதி பிரதிஷ்டைப் பண்டிகை அன்று, ஆராதனை நடுவில், எங்கள் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். கெட்டுப்போய்த் திருந்தி வந்தவருக்குச் சபை கொடுக்கும் மரியாதை என்றார். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மனிதர்தான் இவரைப் பீடத்துக்கு முன் நிற்கவைத்து, கமிட்டியிலிருந்து எடுத்து, பின்வரிசையில் உட்காரச் சொன்னவர்.

வீட்டுக்கு வரும் வழியில் பொன்னாடை வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். "போர்த்தினா போர்த்திட்டுப் போறாங்க, மழைக்கு ஆகும்" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி
3626 / 3585

பண்டிகை அன்று சபை முழுவதும் ஒரே பந்தலில் சாப்பிடும் அசனத்துக்கு, பாத்திரக் கணக்கு எடுக்க தியோடர் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுப் பின்கட்டில்தான் சபைப் பாத்திரங்கள் இருக்கின்றன. அண்டா ஆறு, ஒன்றுக்குக் காது போய்விட்டது. சட்டுவம் ஒன்பது. வாளி பதினெட்டு, போன வருஷம் இருபது. ரெண்டு வாளி எங்கே என்று அவர் மனைவி ரோஸ்லின் மைனியைக் கேட்டேன். பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி அவள். வாளிக்கெல்லாம் தலைவி பதில் சொல்வாளா.

பெரிய பீங்கான் பரணியும் அங்கேதான் இருந்தது, வாயில் வெள்ளைத் துணி கட்டி. திருவிருந்துக்கான திராட்சை ரசம் புளித்து ஊறுகிறது. ஒரு காலத்தில் அந்தப் பரணி எங்கள் வீட்டில் இருந்தது.

அந்த வீட்டு மருமகள் கெத்சியா எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். முப்பத்து மூன்று வயது. தையல் வகுப்பு நடத்தியவள், இப்போது நடத்துவதில்லை. வாயில் கிராம்பு மென்றுகொண்டிருந்தாள். பல்வலியா என்றேன். ஆமாம் என்றாள். எந்தப் பக்கம் என்றேன். வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். புறப்படும்போது பல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், இடது கன்னத்தைத் தொட்டாள்.

எனக்குத் தெரியும் அந்தப் பல்வலி.

ஆகஸ்ட் 15, வெள்ளி
3632 / 3591

விடுமுறை. விடுதலைக் கூட்டத்து ஆட்கள் பதினொரு பேர் காலையிலேயே தியோடர் அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டுக்குப் போய் அண்டா, வாளி எல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்கள். வருஷா வருஷம் செய்வது. கேட்டுச் செய்வதில்லை. குடித்த காலத்தில் இதே அசனத்தில் சண்டை போட்டு அண்டாவைக் கவிழ்த்தவர்கள் இதில் இரண்டு பேர். இன்று அதே அண்டாவுக்குள் இறங்கி நின்று தேய்த்தார்கள். லாசர் காது போன அண்டாவுக்குக் கம்பி வளைத்துப் புதுக்காது வைத்தான். ரோஸ்லின் மைனி மோர் கொடுத்தாள், தனியாக எடுத்து வைத்த டம்ளரில்.

ஆகஸ்ட் 23, சனி
3640 / 3599

பரணியைத் திறந்து வடிகட்டப் பார்த்திருக்கிறார்கள். பாதிதான் இருந்ததாம். அதிலும் தண்ணீர் ஊற்றியிருக்கிறதாம்.

சாயங்காலம் தியோடர் அண்ணாச்சி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பின்கட்டுக்குள் யார் யார் வந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும் என்றார். பதினொரு குடிகாரர்கள் என்று ஒரு வார்த்தை வந்தது. குடியை விட்டவர்கள் என்று நான் திருத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தே பேசினார். பழைய ருசி விடாது என்றார்.

இவர் வாசல் வரை போய் அவருக்கு டார்ச் அடித்துவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
3641 / 3600

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. முடிவை வேதமுத்து அண்ணாச்சியிடம் சொல்லி அனுப்பினார்கள். பதினொரு பேரில் யார் குடித்தது என்று பண்டிகைக்குள் தெரிய வேண்டும். குடித்தவன் பண்டிகை அன்று சபைக்கு முன்னால் வந்து அறிக்கை செய்ய வேண்டும். இல்லையென்றால் அன்றோடு கூட்டம் நிறுத்தம், கட்டடத்துக்குப் பூட்டு. பொன்னாடையைப் பற்றி யாரும் பேசவில்லை.

புதிதாக வருகிறவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வேறு எங்கே போவார்கள் என்று கமிட்டிக்குத் தெரியாதா. தெரியும். கடை அந்த நேரத்தில் திறந்துதான் இருக்கும்.

ஆகஸ்ட் 25, திங்கள்
3642 / 3601

மிளகாய் காயப்போட்டேன். மழை வந்தது. வாரினேன். எரிச்சல்.

ஆகஸ்ட் 27, புதன்
3644 / 3603

இவர் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, தபால் கொடுக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்:

"நாந்தான்னு சொல்லிரலாம்னு இருக்கேன், எப்சி."

நான் எச்சில் தட்டை எடுத்தேன்.

"ஒரு தடவ சொன்னவனுக்கு ரெண்டாவது தடவ சொல்லுதது லேசுதான. மத்தவன் எவன் சொன்னாலும் அவன் வீடு போயிரும். எனக்கு என்ன போகுது? பின்வரிசைல காத்து நல்லா வருது."

மனிதர் இதை யோசித்து வைத்திருக்கிறார். லாசருக்குப் பெண் நிச்சயம் ஆகியிருக்கிறது. மற்றொருவனுக்கு வேலை உறுதியாகிற நேரம். பதினொரு பேரில் இழக்க ஒன்றும் இல்லாதவர் தான் மட்டும்தான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு என் வேலை. இவர் போட்டால் தப்பாகத்தான் வரும்.

முடியாது என்றேன். பிறகு என்ன செய்யலாம் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, சனி
3647 / 3606

மத்தியானம் இரண்டு மணிக்கு கெத்சியா வந்தாள். துருவுபலகை வேண்டும் என்றாள். மூன்று துருவுபலகை இருக்கிற வீடு அவளுடையது. உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"எந்தப் பல்லுட்டி இன்னைக்கு?" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பரணியிலிருந்து எடுத்தது அவள்தான். ஜனவரியிலிருந்து. அது போதாமல் புருஷன் பெட்டியில் வைத்திருந்த பாட்டிலிலிருந்தும். மாமியாருக்கு இரண்டு மாதமாகவே சந்தேகம், ஆனால் பதினொரு பேர் பின்கட்டுக்கு வந்தது வசதியாகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் பழியை ஏற்கப் போகிறார் என்று ஊரில் பேச்சு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லையாம். இறங்கவில்லை என்பதால் இன்னும் குடித்திருக்கிறாள். வாசனை எனக்கு வாசலிலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வா என்றேன். அது ஆம்பளைகளுக்கு என்றாள். பிறகு என்னைப் பார்த்து, கோபமாகவே சொன்னாள்:

"உங்களுக்கு என்னக்கா தெரியும்? நீங்க அண்ணாச்சியால பட்டவுக. எங்க வீட்டுல நான் அண்ணாச்சி இடத்துல இருக்கேன். என்னப் பாத்தா உங்களுக்கு அருவருப்பால்ல இருக்கும்."

அப்போது சொன்னேன். பத்து வருஷத்தில் முதல் தரம் வாயைத் திறந்து சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"காலைல கை நடுக்கம் எப்பம்க்கா நின்னுச்சு?"

ஒன்பதாவது நாள் என்றேன். தானாக நிறுத்திவிடாதே, பெரியாஸ்பத்திரியில் அதற்கென்று டாக்டர் இருக்கிறார், நான் கூட வருகிறேன் என்றேன். துருவுபலகையை எடுத்துக்கொண்டு போனாள். யாராவது பார்த்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
3648 / 3607

எழுதிவிடுகிறேன். அவளிடம் சொன்னதை நோட்டிடம் சொல்ல என்ன.

அந்தப் பரணி என் மாமியாருடையது. இரண்டு தலைமுறையாகத் திருவிருந்து ரசம் எங்கள் வீட்டில்தான். பன்னீர்த் திராட்சை, சீனி, ஒரு கை கோதுமை, நாலு கிராம்பு. தினமும் மரக்கரண்டியால் கிளற வேண்டும். கிளறும்போது ருசி பார்க்க வேண்டும். ஒரு கரண்டி பார்த்தேன். பிறகு இரண்டு. காரணம் கேட்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த துக்கமா, புருஷன் அடித்தாரா என்று. ஒன்றும் இல்லை. மகள் நன்றாக இருக்கிறாள். இவர் என்னை ஒரு அதட்டு அதட்டியதில்லை. ருசியாக இருந்தது, குடித்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டில் யாரும் இல்லை, குடித்தேன். பிறகு குடிக்காமல் இருக்க முடியவில்லை.

நாலாவது வருஷம் பரணி போதவில்லை. கை நடுங்கி, வடிக்கிற கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டேன். நடுக்கத்துக்குக் கொஞ்சம் கொடுத்தால் நிற்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இவர் காக்கிச் சட்டையோடு கடை வரிசையில் நின்று கால் பாட்டில் வாங்கி வந்தார். வாழ்நாளில் பீடிகூடத் தொடாதவர். தபால்காரர் வரிசையில் நிற்பதை ஊரே பார்த்தது. அதனால் பண்டிகைக்கு முந்தின நாள் பரணி காலியாக இருந்தபோது ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "நாந்தான் குடிச்சேன்" என்றார்.

முதல் எண் அந்த நாளிலிருந்து.

அதற்குப் பிறகும் நாற்பத்தொரு நாள் நான் குடித்தேன். இவரை மன்னிக்கலாமா கூடாதா என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நாற்பத்தொரு நாளும். இவரை விடுதலைக் கூட்டத்துக்குப் போகச் சொல்லித் தீர்ப்பானது. என் மனைவி டீ போட்டுக் கொடுப்பாள் என்று சொல்லி என்னையும் கூட்டிப் போனார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அங்கே பேசியதெல்லாம் என் கதை. ஒவ்வொருவனும் என் கதையைத்தான் சொன்னான். நாற்பத்தொன்றாவது நாள் ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டாவது எண் அதிலிருந்து.

பத்து வருஷமாக இவர் செய்யாத பாவத்துக்குச் சாட்சி சொல்கிறார். பத்து வருஷமாக நான் டீ ஊற்றுகிறேன். நான் திருப்பிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது டீயும் சுண்டலும்தான்.

செப்டம்பர் 5, வெள்ளி
3653 / 3612

வந்தவர்கள் ஒன்பது. பயந்து வராதவர்கள் ஆறு. டீ பதினெட்டு. லாசருக்கு ஐந்தாவது டம்ளரும் ஊற்றினேன்.

கூட்டத்துக்கு முன்னால் தியோடர் அண்ணாச்சி புதுப் பூட்டோடு வந்தார். பண்டிகை வரைக்கும் அடைத்துவைக்கலாம், சாவியைக் கொடு என்றார். ஞாயிறு வரை கெடு கொடுத்தது நீங்கள், இன்று வெள்ளி என்றேன். சாவி எங்கே என்றார். தாலிச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

"செயலாளர் கையால அவுத்துக்கிடுங்க" என்றேன்.

போய்விட்டார். பூட்டையும் எடுத்துக்கொண்டு போனார். வேதமுத்து அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை.

செப்டம்பர் 6, சனி
3654 / 3613

இவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டார். காலர் சரியாக வரவில்லை. நான் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன நினைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

ஜெபித்தேன். பலம் கேட்கவில்லை. குறுக்கே வராதிரும் என்று மட்டும் கேட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு
3614

இனி ஒரு எண்தான்.

ஆலயம் நிறைந்து வெளியே பந்தல் வரை ஆட்கள். பிரசங்கம் முடிந்ததும் போதகர் எழுந்து, சபைக்கு முன் அறிக்கை செய்ய விரும்புகிறவர் வரலாம் என்றார். வந்து இரண்டு வருஷம் ஆன இளம் போதகர். அவருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பின்வரிசையில் இவர் எழுந்தார். பெண்கள் பக்கத்தில் நான் எழுந்தேன். எனக்கு இடம் நடுவில், அவருக்கு இடம் கடைசியில். அதனால் நான் முந்திவிட்டேன். மூட்டு வலிக்காரிக்கு இவ்வளவு வேகமா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பீடத்துக்கு முன்னால் திரும்பி நின்றேன். இவர் பாதி வழியில் நின்றுவிட்டார். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் அவரைப் பார்க்காமல் பேசினேன்.

"பத்து வருஷத்துக்கு முன்னால பரணியக் குடிச்சது நான். எங்க வீட்டுக்காரரு இல்ல. அவரு காப்பியே ரெண்டாவது டம்ளர் குடிக்க மாட்டாரு. எனக்காகச் சொன்னாரு. நீங்க நம்புனீங்க, நான் நம்ப விட்டேன். அந்தப் பாவம் குடிச்சதவிடப் பெருசு."

ஒரு குழந்தை மட்டும் அழுதது.

"இந்த வருஷமும் தாந்தான்னு சொல்ல வந்து நிக்காரு, பாருங்க. அவரும் இல்ல, அண்டா தேச்ச பதினொரு பேருல எவனும் இல்ல. யாருன்னு கேட்டா நான் சொல்ல மாட்டேன். யாரா இருந்தாலும், வெள்ளிக்கிழம ஆறு மணிக்கு அந்தக் கதவு தெறந்திருக்கும். பொம்பளைகளுக்கும் தெறந்திருக்கும். சாவி எங்கிட்ட இருக்கு. பூட்டணும்னா என்னையும் உள்ள வச்சிப் பூட்டுங்க."

பொம்பளை என்றதும் பெண்கள் பக்கம் சலசலப்பு வந்தது. ரோஸ்லின் மைனி பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கெத்சியா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவில்லை.

தியோடர் அண்ணாச்சி எழுந்தார். போதகர் அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். திருவிருந்து தொடங்கியது. இடத்துக்குப் போகாமல் அங்கேயே முழங்கால் போட்டேன். நன்றாகத்தான் மடங்கின இரண்டும். போதகர் அப்பத்தை என் கையில் வைத்தார். ரசக் கிண்ணத்தை என் பக்கம் கொண்டுவரவில்லை, அடுத்தவருக்குப் போய்விட்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

அசனத்தில் என் இலைக்கு இரண்டு பக்கமும் காலி. அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் லாசர் ஆண்கள் பந்தியிலிருந்து இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு வந்து வலது பக்கம் உட்கார்ந்தான். பிறகு வேதமுத்து அண்ணாச்சி இடது பக்கம். பெண்கள் பந்தியில் ஆண்கள் எப்படி என்று பரிமாறுகிறவர்கள் கத்தினார்கள். எதிர் வரிசையும் எங்கள் ஆட்களால் நிறைந்துவிட்டது. குழம்பு கேட்டால் வேண்டுமென்றே மெதுவாக வந்தது. புதுக்காது வைத்த அண்டாவிலிருந்துதான் வந்தது.

இவர் மட்டும் சாப்பிட வரவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்
3616

இவர் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. ஊரெல்லாம் வந்து அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறது. யாருக்கும் பதில் சொல்வதில்லை. மத்தியானம் நான் கேட்டேன், என்ன கோபம் என்று. பையை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"உனக்குக் குடுத்தத நீ ஊருக்கு எடுத்துக் குடுத்திட்ட."

உண்மைதான். ஆனால் திரும்பவும் செய்வேன் என்று சொன்னேன். தெரியும் என்றார். முருங்கைக்காய் வாங்கி வரப் போனார்.

பெண்கள் ஐக்கியத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்களாம். எடுக்கட்டும். பாத்திரக் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. ரெண்டு வாளி இன்னும் பாக்கி.

செப்டம்பர் 10, புதன்
3617

ரோஸ்லின் மைனி வந்தாள். கையில் என் துருவுபலகை. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள்.

பரணியின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருந்ததாம், இப்போதுதான் கவனித்தார்களாம், அதில்தான் கசிந்திருக்கிறதாம். கமிட்டியிலும் அப்படியே சொல்லி முடித்துவிட்டார்கள், கட்டடத்துக்குப் பூட்டு இல்லை என்றாள். கீறலில் கசிந்த பரணிக்குள் தண்ணீர் எப்படி ஏறியது என்று வாய் வரை வந்தது. அவள் கையைப் பார்த்தேன். துருவுபலகைக் காம்பைப் பிடித்த பிடியை அவள் இன்னும் விடவில்லை.

கசியத்தான் செய்யும் மைனி, பழைய பரணி என்றேன்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்:

"பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம். மாத்திர குடுத்திருக்காங்க. வெள்ளிக்கெழம எத்தன மணிக்கு?"

ஆறு என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

வந்தவர்கள் பதினேழு, என்னையும் சேர்த்து. இதுவரை என்னைச் சேர்த்து எண்ணியதில்லை.

நான் போவதற்கு முன்பே இவர் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போயிருந்தார். அடுக்களையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. நான் உள்ளே போனதும் கரண்டியை நீட்டி வாசலைக் காட்டினார், அங்கே போ என்று. பிறகு வாயைத் திறந்து, "சீனி எத்தன கரண்டி?" என்றார். ஐந்து நாளில் அவராகப் பேசியது அதுதான் முதல்.

நாற்காலியில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. லாசர் எழுந்து சன்னலைப் பார்த்துச் சொன்னான்:

"அண்ணாச்சி, ஒரு சொட்டு குடிக்காம பத்து வருஷம் எங்ககூட உக்காந்து ஏமாத்திட்டீரு. உமக்கு இங்க நாற்காலி கெடையாது. டீய ஊத்தும்."

சன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

வேதமுத்து அண்ணாச்சியிடம் கேட்டேன், உங்களுக்கு எப்போது தெரியும் என்று. "மூணாவது வாரம்" என்றார். சாட்சி சொல்லும்போது புருஷன் கண்ணைத் துடைக்கவில்லை, சன்னலுக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் போட்டேன் என்றார்.

ஆறு ஐந்துக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. ரோஸ்லின் மைனி இறங்கவில்லை. கெத்சியா இறங்கி வந்து வாசலில் நின்றாள். உள்ளே பதினைந்து ஆண்கள். நான் என் நாற்காலியைத் தள்ளி, பக்கத்தில் ஒன்று இழுத்துப் போட்டேன். வந்து உட்கார்ந்தாள். கை நடுங்கியது. புடவைக்குள் மறைக்கப் பார்த்தாள். மறைக்காதே, இங்கே எல்லோருக்கும் தெரிந்த நடுக்கம்தான் என்றேன்.

நான் சாட்சி சொன்னேன். நடுக்கத்தை முதலில் சொன்னேன். வாந்தியைப் பிறகு.

டீ முப்பத்தாறு டம்ளர். இவர் எண்ணி வைத்த கணக்கு, அதனால் சரியாக இருக்காது. சீனி அதிகம். ஆட்டோவுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தார். ரோஸ்லின் மைனி வாங்கிக் குடித்தாளாம்.

எண்களை இன்று கடைசியில் எழுதுகிறேன். ஒன்றுதான் இனி என்று அன்றைக்கு எழுதியது தப்பு. முதலாவது எனக்கு, இரண்டாவது கெத்சியாவுக்கு.

3619 / 5